புள்ளி விழாத பழம்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பழம் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதை எழுதத்தான் உரக்கடைக்காரர் வருடப் பிறப்புக்குக் கொடுத்த டைரியைப் பரணிலிருந்து தேடி எடுத்தேன். இதுவரை வெறும் தாள்தான். எழுதி வைக்கிற மாதிரி இந்த வீட்டில் நல்லது எதுவும் நடக்கவில்லை.

அக்ஸாவுக்கு ஆறு வயது. பொங்கல் முடிந்த வாரம் வயிற்றுவலி என்று சுருண்டவள். சீதமும் ரத்தமுமாகப் போய், தூக்கினால் கை கனக்காத அளவுக்கு இளைத்துவிட்டாள். திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, குடலெல்லாம் புண் என்றார்கள். மருந்து ஒரு பக்கம், சாப்பாட்டுக் கட்டுப்பாடு மறு பக்கம். அரிசி கிடையாது, பால் கிடையாது, மரச்சீனிக் கிழங்கு கிடையாது, சீனி கிடையாது. ஆட்டெலும்பை அரைநாள் கொதிக்கவைத்த சாறு, வேகவைத்து மசித்த பூசணிக்காய், கேரட், முட்டையின் மஞ்சள்கரு. இவ்வளவுதான் என் மகளின் உலகம். என் மனைவி ஷைனி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டிக்கும் போய்க்கொண்டு, இந்தச் சமையலையும் செய்து, பிள்ளையின் குடலைப் பாதி ஆற்றியவள் அவள்தான். அதில் சந்தேகமே இல்லை. நான் எலும்பு வாங்கிக் கொடுத்தேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை மண்டி வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி கேன்டீன் என்று ஊரெல்லாம் என் பழம்தான் போகிறது. என் மகள் வாயில் மட்டும் தை மாதத்திலிருந்து ஒரு துண்டு படவில்லை. சந்தையில் யாராவது “பிள்ளைக்கு எப்படி இருக்கு ஜஸ்டஸ்?” என்று கேட்டால் கையிலிருக்கும் குலையைக் கீழே போட்டுவிட்டு ஓடலாம் போல இருக்கும்.

சாப்பாட்டு முறை சொல்லித்தருகிற பிந்து மேடம் இன்று போனில் வந்தார். மலையாளி. நமக்காகத் தமிழ் பேசுவார்.

“ஜஸ்டஸ் சாரே, ஃப்ரூட்டு தொடங்காம். முதல்ல வாழைப்பழம். நல்லோணம் பழுக்கணும் கேட்டோ. தோலில கறுத்த புள்ளி வேணும். ஒரு சின்ன ஸ்பூன் மதி, அது போதும். மூணு நாள் நோக்கிட்டு பின்னே கூட்டலாம்.”

ஷைனி உடனே பேனாவை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“இத நீ எழுதாண்டாம். பழம் எனக்க பாடு.”

“கறுத்த புள்ளின்னு சொன்னாங்க.”

“கேட்டேன். எனக்குக் காது இருக்கு.”

சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஓணம் நெருங்குகிறது. ஏத்தன், அதாவது நேந்திரன் குலைக்கு இப்போதே அடிபிடி. சாலைக்கு அந்தப்பக்கம் லாரி நிற்க இடமில்லை. எனக்கு அதில் மனம் போகவில்லை. காலையிலிருந்து மட்டிக் குலையாகத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டி எங்கள் ஊர்ப் பழம். விரல் நீளம்தான், வாசம் தெருமுனை வரை வரும். பல் முளைக்காத பிள்ளைக்கு முதலில் கொடுக்கிற பழம் இங்கே அதுதான்.

திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு குலை வந்தது. ஒரு காயிலும் கீறல் இல்லை. ஏலத்தில் விடாமல் பின்னால் எடுத்து வைத்துவிட்டேன். மூட்டம் போடுகிற அறையில் மற்ற குலைகளோடு வைத்துப் புகை காட்டினால் புதன்கிழமை தோல் பொன்னாக நிற்கும்.

இந்தப் புள்ளி விஷயம். மேடம் காரணமும் சொன்னார். பழம் முழுசாகப் பழுக்காவிட்டால் உள்ளே மாவு தங்குமாம், அந்த மாவு புண்ணுள்ள குடலில் கிடந்து புளிக்குமாம். இருக்கட்டும். புள்ளி விழுந்த பழம் எங்கள் சந்தையில் பழமே இல்லை. காம்பு தளர்ந்து, தோல் கறுத்து, மூலையில் கிடக்கும். ஜூஸ் கடைக்காரன் சாயங்காலம் வந்து அள்ளுவான். அவனும் வராவிட்டால் பன்றிப் பண்ணைக்குப் போகும். ஊருக்கெல்லாம் முதல்தரம் கொடுத்துவிட்டு என் பிள்ளைக்கு மூலையில் கிடப்பதை எடுத்துக்கொண்டு போவேனா? புத்தகத்தில் பழம் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பழுத்ததா இல்லையா என்று எனக்குக் காம்பைத் தொட்டாலே தெரியும்.

ஆகஸ்ட் 7, புதன்

கொடுத்தாயிற்று.

ஷைனிக்குப் பகல் டியூட்டி. மதியம் கடையைப் பூட்டாமலேயே வந்துவிட்டேன். அக்ஸாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, கை கழுவி, மேசையில் உட்காரவைத்தேன். சீப்பைப் பையிலிருந்து எடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவதுபோல ஒரு விரலால் தொட்டாள்.

“இது எனக்கா?”

“உனக்குத்தான் மக்ளே.”

“மஞ்சளா இருக்கு.”

“பின்னே, அப்பாவுக்க பழம்லா.”

மசித்து, லேசாக ஆவி காட்டி, ஸ்பூனில் கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வெட்கமில்லாமல் அழுதேன் என்று எழுதுவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு ஸ்பூன்தான். ஸ்பூன் கொஞ்சம் பெரியது.

ஆகஸ்ட் 8, வியாழன்

விடியுமுன்னே வலி. முழங்காலைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தாள். சத்தம் போட்டு அழுதாலாவது பரவாயில்லை. வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. ஷைனி வெந்நீர்ப் பை வைத்தாள், மருந்து கொடுத்தாள், டாக்டருக்குப் பேசினாள். நான் முற்றத்துக்கும் அறைக்குமாக நடந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

பேன்டீஸில் ரத்தம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கொஞ்சம் தேவலை. எலும்புச் சாறு மட்டும்.

முந்தாநாள் வாங்கின எலும்பு பழையதாக இருக்கலாம். அந்தக் கறிக்கடையை மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் கொண்டுபோகிறாளா, குழாயில் பிடித்துக் குடிக்கிறாளா என்று யார் பார்க்கிறார்கள்? மழை வேறு. மழைக்காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிறு கெடும்.

ஷைனி கேட்டாள். “எந்தப் பழம் குடுத்தீங்க?”

“மேடம் சொன்ன பழம்.”

“புள்ளி இருந்துதா?”

“இருந்துது.”

அக்ஸா கட்டிலில் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

மீதிச் சீப்பைக் காலையிலேயே கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். வீட்டில் வைத்து என்ன செய்ய.

ஆகஸ்ட் 10, சனி

ஏத்தன் நான்கு லோடு. சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

பிந்து மேடம் வீடியோவில் வந்தார். ஷைனி எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். பிறகு பிள்ளையைக் காட்டச் சொன்னார்.

“அக்ஸா மோளே, சுகம் உண்டோ? அன்னைக்கு அப்பா தந்த பழம் எங்ஙனே இருந்தது? மஞ்சளா, கறுப்பா?”

அக்ஸா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்.

“மஞ்சள்ல கறுப்புப் புள்ளி.”

“நிறைய புள்ளியோ?”

“நிறைய.”

பிள்ளைக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை.

மேடம், அப்படியானால் நன்றாகப் பழுத்த பழத்தைக்கூட இந்தக் குடல் ஏற்கவில்லை, நாம் நினைத்த அளவுக்குப் புண் ஆறவில்லை என்றார். பழம் எல்லாம் நிறுத்தம். பூசணியும் நிறுத்தம். மறுபடி முதல் படி, வெறும் சாறு. டாக்டரிடம் கலந்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஷைனி போனை வைத்துவிட்டு அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ரத்தம் இன்னும் லேசாகப் போகிறது. டாக்டர் திரும்பக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். 27ஆம் தேதி. மறுபடி மயக்க மருந்து. அதைப் பார்த்துவிட்டு மருந்தின் வீரியத்தைக் கூட்டுவார்களாம். அந்த மருந்தில் முடி கொட்டும், முகம் ஊதும் என்று ஷைனி ஒருமுறை சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்து வழக்கம்போல அக்ஸாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பா, உங்க சட்டையில பழ வாசம் வருது. அந்தப் பக்கமா இருங்க.”

இருந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

சந்தையிலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். வாசம் போகவில்லையாம். விரல் நகத்துக்குள் இருக்கிறதோ என்னவோ. துணி சோப்புப் போட்டுத் தேய்த்ததில் கை எரிகிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எங்கள் வேதக்கோயிலில் இன்று அசனம், சபை விருந்து. சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட, எங்களோடு அக்ஸாவும் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து சாறு குடித்தாள். எதிர்வரிசையில் ஒரு அக்கா பாயசத்தோடு பிசைந்த பழத்தைக் காட்டி, “ஒரு வாய் குடுத்தா என்ன ஆயிரும்?” என்று ஷைனியைக் கேட்டாள். ஊரில் ஒவ்வொரு பந்தியிலும் இப்படி ஒரு டாக்டர் உண்டு. ஷைனி பதில் சொல்லுமுன் அக்ஸாவே சொன்னாள்.

“எனக்குப் பழம் ஆகாது. எங்க அப்பாவே தந்து பாத்தாச்சு.”

பெரிய மனுஷி மாதிரி பேசுகிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் இலையை மடக்கிவிட்டு எழுந்தேன். சோறு அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஷைனி டியூட்டிக்குப் போன பிறகு கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“மக்ளே, மேடத்துக்கிட்ட என்னத்துக்குக் கறுப்புப் புள்ளின்னு சொன்ன?”

பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நீங்க அம்மாட்ட அப்படித்தானே சொன்னீங்க.”

“அதுக்கு?”

“மாத்திச் சொன்னா அம்மா உங்கள ஏசுவாங்கல்லா.”

“அம்மா ஏசினா அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது.”

“எனக்கு வயிறு கெட்டதுக்கு நீங்க ஏச்சு வாங்கக் கூடாது” என்றாள். பிறகு பொம்மையைப் படுக்கவைத்து, வயிற்றைத் தடவி, “உனக்கு இண்ணைக்குச் சாறு மட்டும்தான்” என்று அதனிடம் சொன்னாள்.

கடைக்குப் போனேன். என் பெயரைச் சொல்லி யாரோ ஏலம் கூவினார்கள். எந்தக் குலை யாருக்குப் போயிற்று என்று எனக்கு நினைவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

சொல்ல நினைத்தேன். ஷைனிக்குத் தலைவலி. நாளைக்கு.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஷைனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையை இப்போதே எடுத்து வைத்திருக்கிறாள். அக்ஸாவின் போர்வை, பாவாடை, பொம்மை. “போனதடவ மயக்கம் தெளியும்போ எப்படிக் கத்தினா தெரியுமா உங்களுக்கு? நீங்க வெளிய டீ குடிக்கப் போயிருந்தீங்க” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. எலும்பைக் கழுவிக்கொண்டே சும்மா சொன்னாள்.

அப்போதுதான் சொன்னேன். புள்ளி இல்லை, ஒன்றுகூட இல்லை, மூட்டத்திலிருந்து அன்றைக்குத்தான் எடுத்தது, இங்கே எழுதியதுபோல ஒன்றல்ல, பெரிய ஸ்பூனில் இரண்டு ஸ்பூன், எல்லாம். மூலையில் கிடக்கிற பழத்தை என் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வரவில்லை என்றும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது.

குழாயை மூடாமல் நின்றாள். தண்ணீர் எலும்பின் மேல் விழுந்துகொண்டே இருந்தது.

“அதுக்காகவா மறுபடியும் பிள்ளைக்குக் குழாய் விடப் போறாங்க?”

நான் கையை நீட்டிக் குழாயை மூடினேன்.

“உங்களுக்குப் பிள்ளைக்க வயிறு பெருசில்ல. கடைக்க பேருதான் பெருசு.”

ஏசவில்லை. சத்தமும் போடவில்லை. கையைத் துடைத்துவிட்டு பிந்து மேடத்துக்கு போன் போட்டாள். பிறகு டாக்டருக்கு. நான் பக்கத்தில் நின்று, நடந்ததை நானே சொன்னேன். டாக்டர் நல்ல மனிதர், திட்டவில்லை. சரி, அவசரப்படவேண்டாம், ரத்தம் நிற்கிறதா பார்ப்போம், நின்றால் 27ஆம் தேதி வரவேண்டாம் என்றார். மேடம் மட்டும், “சாரே, பழம் அறியுன்ன ஆளல்லே நிங்ஙள்?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஆகஸ்ட் 24, சனி

ரத்தம் நின்றுவிட்டது. வலியும் இல்லை. ஷைனி என்னிடம் பேசுவதில்லை. “சோறு இருக்கு”, “பால்காரர் வந்தார்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லுகிறாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

நாளைக்குப் போகவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூசணி திரும்பக் கொடுக்கலாம். பிள்ளை ஒரு வாரம் இப்படியே இருந்தால் பழத்தை மறுபடி முயற்சி செய்யலாம். புள்ளி விழுந்தது, சின்ன ஸ்பூன்.

ஷைனி பையிலிருந்து போர்வையை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். நான் சந்தைக்குப் போய் ஒரு மட்டிக் குலையோடு வந்தேன். பச்சைக் குலை. மூட்டத்தில் வைக்கவில்லை. சமையலறை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஷைனி அதைப் பார்த்தாள். எடுக்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பச்சை.

ஆகஸ்ட் 28, புதன்

பச்சை. என் தொழிலே பழத்தைச் சீக்கிரம் பழுக்கவைப்பது. இது தானாகப் பழுப்பதற்கு இவ்வளவு நாளாகும் என்பதை நான் மறந்தே போய்விட்டேன். ஒரு மணிக்கொருதரம் போய்க் காம்பைத் தொடுகிறேன். தொட்டுத் தொட்டு ஒரு காய் உதிர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கீழ்ச்சீப்பில் மஞ்சள் ஏறுகிறது. கடையில் ஓணக் கூட்டம். ஒரு ஆள் வந்து, “மட்டி நல்லதா ஒரு குலை இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். எதிரே தொங்கும் மட்டிக் குலையை அவர் காட்டியபோதுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்றைக்குப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். முழுப் பொன். ஒரு கீறல் இல்லை. இதுதான் பழத்தின் நாள் என்று எந்த வியாபாரியும் சொல்வான். நானும் சொல்லியிருப்பேன், சொல்லித்தானே கெடுத்தேன். கோயிலுக்குப் போகாமல் இதன் கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

ஒரு புள்ளி. மிளகு அளவு.

செப்டம்பர் 3, செவ்வாய்

புள்ளிகள் பரவிவிட்டன. தோல் மெலிந்து கறுக்கிறது, காம்பு கையில் வருகிறது. சந்தையில் இருந்தால் எட்டி உதைத்து மூலைக்குத் தள்ளியிருப்பேன். ஒன்றை உரித்துச் சாப்பிட்டேன். இத்தனை வருடம் பழம் விற்றவன், இந்தப் பக்குவத்தில் ஒரு மட்டியைத் தின்றதே இல்லை. தேன்தான். நாக்கில் கரைந்து போயிற்று. பல்லுக்கு வேலையே இல்லை.

மாலையில் மசித்து, ஆவி காட்டி, சின்ன ஸ்பூனோடு ஷைனியிடம் நீட்டினேன்.

“நீ குடு. எனக்க கையால வாங்கமாட்டா.”

அவள் கிண்ணத்தை வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, பன்னிரண்டு நாளுக்குப் பிறகு முதல்தடவையாகப் பேசினாள்.

“நீங்க குடுத்துதான் வலிச்சுது. நீங்க குடுத்துதான் வலிக்காம இருக்கணும். நான் குடுத்தா, அப்பா கையால வலிக்கும், அம்மா கையால வலிக்காதுன்னு அவளுக்குப் படிஞ்சு போவும்.”

போனேன். அக்ஸா கிண்ணத்தைப் பார்த்ததும் சுவரோரம் ஒண்டினாள். இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

“வேண்டாம்ப்பா. எனக்கு ஆகாது.”

திரும்ப வந்து கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

செப்டம்பர் 4, புதன்

இன்றும் வேண்டாம் என்றுவிட்டாள். இன்று ஒண்டவில்லை, அது மட்டும் வித்தியாசம். நான் சொல்லிக்கொடுத்த பயம் இது. வலியை மருந்து எடுத்துவிட்டது, இதை எடுக்க எந்த மருந்தும் இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

கடைக்குப் போகவில்லை. ஓணத்துக்கு முந்தின வாரத்தில் மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தவன் இந்தச் சந்தையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்ஸாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு பழம் வைத்தேன். ஒன்று கடையிலிருந்து வாங்கிவரச் சொன்ன பொன் மஞ்சள். ஒன்று உத்தரத்துக் குலையிலிருந்து, கறுத்துத் தளர்ந்தது.

“அண்ணைக்கு நான் தந்தது இதுல எது?”

மஞ்சளைக் காட்டினாள்.

“மேடம் தரச்சொன்னது?”

கொஞ்சம் யோசித்துக் கறுப்பைக் காட்டினாள்.

“அப்போ வலி வந்ததுக்குக் காரணம் பழமில்ல. உனக்க வயிறுமில்ல. நான்தான். சரியாப் பழுக்காத பழத்தத் தந்தேன்.”

என்னை உற்றுப் பார்த்தாள். “நீங்க பழக்கடைதானே வச்சிருக்கீங்க?”

“ஆமா.”

“பின்னே உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்னு நெனச்சேன் மக்ளே. தெரியல்ல.”

“அம்மாவுக்கு இது தெரியுமா?”

“சொல்லியாச்சு.”

“ஏசினாங்களா?”

“ஏசல்ல. பேசாம இருந்தாங்க.”

“அய்யோ பாவம்” என்றாள். அதற்குமேல் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவளும் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் கறுத்த பழத்தைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

“இது அழுகினது இல்லியா?”

“இல்ல. நானும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன்.”

“நீங்க தின்னுங்க முதல்ல.”

தின்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் வயிற்றில் கை வைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்தாள், உள்ளே ஏதோ நடக்கப்போவதுபோல.

“ஒரு ஸ்பூன்தான்” என்றாள். “சின்ன ஸ்பூன்.”

கொடுத்தேன். கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள்.

அதன்பிறகு நான் எங்கே போனேன், என்ன செய்தேன் என்று கேட்டால் தெரியாது. பைக்கை இரண்டு தடவை துடைத்தேன். அவள் பள்ளிச் செருப்பைக் கழுவினேன். கொல்லையில் தேங்காய் பொறுக்கினேன். வலிக்குதா என்று கேட்கக்கூடாது என்று ஷைனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், கேட்டால் வலிக்கும் என்று. கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

வலி இல்லை. வயிறு மெத்தென்று இருக்கிறது. ஷைனி தொட்டுப் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்தாள்.

இன்றும் ஒரு ஸ்பூன்.

செப்டம்பர் 7, சனி

வலி இல்லை. பேன்டீஸ் சுத்தம். எனக்குத்தான் வயிறு சரியில்லை. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் வேறென்ன ஆகும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மேடம் போனில், “கொள்ளாம், நல்லது. இன்னும் ஒரு வாரம் ஒரே ஸ்பூன் மதி. கூட்டண்டா” என்றார். நான் திருப்பிச் சொல்லிக் காட்டினேன், ஒரு ஸ்பூன், சின்னது, ஒரு வாரம். ஷைனி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோயிலிலிருந்து வந்ததும் அக்ஸாவே மேசையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கிண்ணத்தைக் கொண்டு வைத்தேன். ஸ்பூனை என் கையிலிருந்து பிடுங்கித் தானே எடுத்துச் சாப்பிட்டாள். நக்கினாள். ஸ்பூனின் பின்பக்கத்தையும் நக்கினாள். பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

“இன்னும்.”

கிண்ணத்தில் பழம் இருந்தது. உத்தரத்தில் இரண்டு சீப்பு இருந்தது. மண்டியில் மலைபோலக் குலை இருந்தது. தை மாதத்திலிருந்து இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் கிடந்து தவித்தேன்.

“நாளைக்கு மக்ளே.”

“ஒரே ஒரு ஸ்பூன்.”

“இல்ல. நாளைக்கு.”

உதடு பிதுங்கியது. காலை உதைத்தாள். பிறகு ஓவென்று, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழத் தொடங்கினாள். “பழம் தாங்க, பழம் தாங்க” என்று மேசையைத் தட்டித் தட்டி அழுதாள். வலியில் சத்தமில்லாமல் சுருண்டு கிடந்த பிள்ளைக்கு இவ்வளவு குரல் இருக்கிறது. கிண்ணத்தை எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் ஷைனியைப் பார்த்தேன். அவள் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். முந்தானை வாயில், கண்ணெல்லாம் நீர். மெதுவாக வந்து என் தோளோடு தோளாக நின்றாள்.

“சமாதானப்படுத்தட்டா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்” என்றாள். “கொஞ்ச நேரம் அழட்டும். கேப்போம்.”